ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்

"ஸ்கஸி இல்லாம யூனிக்ஸ் ஓட்டறது வீண் அண்ணி. இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிய என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். அண்ணனும் சரின்னுட்டாரு."

"அண்ணன் பெட்டியா இது? கையை எடு."

கொழுந்தன் ஒரு கம்பெனியில் சர்வர் பார்க்கிறவன். அவள் கிடங்கில் மூட்டை தூக்குகிறவள். கம்ப்யூட்டர் அவளுடையது. ஏலத்தில் எடுத்து, அதை இயக்க யூனிக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, நாலு மாதமாகப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிப் புரோகிராம் எழுதப் பழகிவந்தாள். இடம் போதாமல் வாங்கிய இரண்டாவது டிஸ்க்கை, விலை குறைந்த ஐடிஇ ரகம், அதைப் போன வாரம் அவன்தான் மாட்டிக்கொடுத்தான். அன்றிலிருந்து ஒன்றிலிருந்து மற்றதற்குக் காப்பி செய்தால் பெட்டி முக்கி முனகியது.

"ஐடிஇன்னா அப்படித்தான். ஒரே கேபிள்ல ரெண்டு இருந்தா, ஒண்ணு வேலை செய்யறப்ப மத்தது நிக்கும். ஸ்கஸி வேற ரகம், விலை கூட; அதுல ஏழு டிஸ்க் மாட்டினாலும் ஒண்ணையொண்ணு மறிக்காது."

அவள் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். பட்டையான ஒரே கேபிளில் இரண்டும் தொங்கின. லாரிக்கு ஒற்றைப் பலகை போட்டால், ஏறுகிறவன் ஏறி முடிக்கும்வரை இறங்குகிறவன் மேலேயே நிற்க வேண்டியதுதான். அதற்காக லாரியையா மாற்றுவார்கள்?

"இந்தச் சாக்கெட் என்ன, சும்மா கிடக்கு?"

"அதுவும் ஐடிஇதான். சிடி டிரைவுக்கு."

"நம்மகிட்ட ஏது சிடி டிரைவு?"

கடைக்குப் போய் இன்னொரு கேபிள் வாங்கிவந்து இரண்டாம் டிஸ்க்கை அதில் தனியாக மாட்டினாள். புத்தகத்தைப் பார்த்து டிஸ்க்கின் முதுகிலிருந்த ஜம்பர் என்கிற குட்டிச் செருகியையும் இடம் மாற்றிக் குத்தினாள். பெட்டி பாதிவரை எழும்பி, இரண்டாம் டிஸ்க்கைக் காணோம் என்று நின்றது.

கொழுந்தன் தொடையில் தட்டிச் சிரித்தான். "போச்சா! மூட்டை தூக்கறதுன்னு நினைச்சீங்களா?"

"மூட்டை தூக்கறது லேசுன்னு உனக்கு யார்டா சொன்னது?"

திரையில் இருந்ததை வரிவரியாகப் படித்தாள். கேபிள் மாறியதும் யூனிக்ஸ் டிஸ்க்குக்கு வேறு பெயர் வைத்திருந்தது; எந்த டிஸ்க் எங்கே என்று எழுதிய பட்டியலில் பழைய பெயரே கிடந்தது. ஒரு எழுத்தைத் திருத்தினாள். பெட்டி முழுதாக எழுந்தது. காப்பியை ஓடவிட்டு, அது ஓடும்போதே தன் புரோகிராமையும் திறந்து தட்டினாள். எங்கும் திக்கவில்லை.

"இருந்தாலும் ஸ்கஸிதான் வேகம்," என்றான்.

"யாரு இல்லேன்னா? உங்க ஆபீஸ்ல அம்பது பேர் ஒரே நேரத்துல தட்டறாங்க, அங்க அது வேணும். இங்க தட்டறது நான் ஒருத்தி. பெட்டி நகராது."

"அண்ணன்கிட்ட என்ன சொல்றது?"

"வரச் சொல்லு. டிஸ்க்கு எதுன்னு விரல வச்சுக் காட்டட்டும், அப்புறம் பேசுவோம்."