ஐந்து வேளையும் அனுப்பிய எடிட்டர்

"உங்களோட கொஞ்சம் தனியாக் கதைக்கவேணும். மூண்டே காலுக்குக் கோல் எடுக்கிறன்" என்று மயூரதி மெடம் கொழும்பிலிருந்து செய்தி அனுப்பியபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புத்தளத்துக்குப் பக்கத்து ஆலங்குடாவில் வீட்டிலிருந்தபடியே அவருடைய கொம்பனிக்குக் கணினிக் கோட் எழுதத் தொடங்கி அன்றோடு மூன்று மாதம். மூன்று மாதத்தில் வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று முடிவு சொல்வோம் என்றுதான் சேர்த்தார்கள்.

அதே நாள், தோஹா நேரம் பகல் ஒரு மணிக்கு, என் புருஷன் நிஸார் இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்து வைக்க வேண்டும். நமது நேரம் மூன்றரை. என் வேலை உறுதியானால் அவர் கையெழுத்து வைக்கமாட்டார், ஊருக்கு வந்துவிடுவார். அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். கல்யாணம் முடித்து நாலு வருடமாக எல்லாவற்றையும் போனில்தான் பேசி வைக்கிறோம். எனக்கு அலுத்துவிட்டது.

மெடம் தனியாகக் கதைக்க ஆசைப்பட்டதற்குக் காரணம் என் எடிட்டர். அந்தக் கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

எடிட்டர் என்றால் கோட் எழுதுகிறவர்களுக்குக் கொப்பியும் பேனையும் சேர்ந்தது மாதிரி. கொம்பனியில் எல்லோரும் பாவிப்பது புதிய, பெரிய ஒன்று. புத்தளம் டவுனில் பாவித்த சாமானாக வாங்கிய என் லெப்டொப்பில் அதை ஏற்றியதும் லெப்டொப் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஓர் எழுத்தைத் தட்டிவிட்டுப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தால் அப்போதுதான் அந்த எழுத்து திரையில் வந்து நிற்கும். "எதில எழுதினாலும் எனக்குக் காரியமில்ல, வேலை வந்தாச் சரி" என்று மெடம் சொல்லிவிட்டார். எனவே ஈமாக்ஸ் என்கிற எடிட்டரை இறக்கினேன். நான் பிறக்க முந்தியே இருந்த சாமான். பழைய மெசினிலும் ஓடும் என்று இணையத்தில் சத்தியம் பண்ணியிருந்தார்கள்.

ஓடத்தான் செய்தது. ஆனால் எப்படிச் சேமிப்பது, எப்படி வெளியே வருவது, ஒன்றும் பிடிபடவில்லை. முதல் நாள் வெளியே வருவதற்கு லெப்டொப்பின் பற்றரியைக் கழற்றினேன். கொன்ட்ரோலை அழுத்தியபடி இதைத் தட்டு, பிறகு அழுத்தியபடியே அதைத் தட்டு என்று விரல்களுக்கெல்லாம் சுளுக்கு. எங்கள் ஊர்க் காற்று கீபோர்டுக்குள் போட்ட மணலில் கொன்ட்ரோல் பொத்தான் நறநறவென்றது. எழுத்துகளோ எறும்பளவு. வாய்விட்டு ஏசினேன்.

"யாரோட புள்ள சண்டை?" என்று குசினியிலிருந்து உம்மா கேட்டார்.

"ஒரு கிழட்டு மெசினோட."

நாலாம் நாள்தான் அதன் ருசி பிடிபட்டது. அதற்கு ஒரு செட்டிங் ஃபைல் இருக்கிறது. நாம் அதில் என்ன எழுதுகிறோமோ அப்படியே எடிட்டர் மாறும். எழுத்தைப் பெரிதாக்கினேன். கண்ணைக் குத்தாத நிறம் வைத்தேன். மணல் பிடித்த பொத்தானோடு மல்லுக்கட்டாமல், அடிக்கடி செய்கிற வேலைகளையெல்லாம் மேல்வரிசைப் பொத்தான்களுக்கு மாற்றினேன். ஓர் அடைப்புக்குறி குறைந்தாலும் முறைத்துக்கொண்டு நிற்கும். சரியாக எழுதினால் மறுபேச்சில்லாமல் செய்யும். என் சொல்லைக் கேட்கிற ஒன்று இந்த வீட்டில் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு நான் தலையை நிமிர்த்தவே இல்லை. உம்மாவுக்குக் கோபம் வந்தது. "தொழுகைக்குப் பாங்கு சொல்லி எவ்வளவு நேரம்! வக்து முடியப் போகுது. இன்னும் அந்தப் பெட்டியைத் தட்டிக்கொண்டு இருக்கிறாய்." அவர் சொன்னது உண்மை. ஒவ்வொரு வேளையும் கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் அவசர அவசரமாகத் தொழுதுகொண்டிருந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆகவே எங்கள் பள்ளிவாசல் அச்சடித்துக் கொடுத்த வருட அட்டவணையைப் பார்த்து, தொழுகை நேரங்களையெல்லாம் செட்டிங் ஃபைலில் ஏற்றினேன். பதினெட்டு வரி எழுதினேன். பாங்கு நேரம் வந்ததும் எடிட்டர் தானாக எல்லாவற்றையும் சேமிக்கும். கரண்ட் போனாலும் வேலை அழியாதிருக்கட்டும் என்று இணையத்தில் எனக்கென்று ஒதுக்கிய பகுதிக்கு ஒரு பிரதி அனுப்பும். பிறகு பத்து நிமிடம் திரையை இருட்டாக்கி, எதைத் தட்டினாலும் கேட்காது. லெப்டொப் திறக்க ஏழு நிமிடம் எடுப்பதால் நான் அதை அணைப்பதே இல்லை. விடியற்காலை சுபஹுக்கும் வேலை செய்தது.

"அல்லாஹ் அந்தப் பெட்டிக்காவது புத்தியைக் குடுத்தானே" என்றார் உம்மா. இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் சண்டையே இல்லை.

மூன்றே காலுக்கு மெடம் போனில் வீடியோவோடு எடுத்தார். பக்கத்தில் ஹமீட் இருந்தார். கூட வேலை செய்கிறவர், நல்ல மனிதர். தனியாக என்று சொல்லிவிட்டு அவரையும் வைத்துக்கொண்டு கதைப்பதைப் பார்த்ததும், அனுப்பிவிடத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"ஸாஜிதா, உங்கட திரையை எங்களுக்குக் காட்டுங்கோ" என்றார் மெடம். போனைத் திருப்பி லெப்டொப்பைக் காட்டினேன்.

"ரெண்டு மாசமா, எல்லாரும் சேர்ந்து எழுதுற எங்கட பொதுக் கோட் ஒரு நாளைக்கு அஞ்சு தரம் ஓடாம உடையுது. கொஞ்ச நேரத்தில தானாச் சரியாகுது. விடிய நாலே முக்காலுக்கும் உடையுது. ஆரோ வெளியில இருந்து கைவைக்கினம் எண்டு நினைச்சு ரெண்டு கிழமை தேடினம். நேரமும் ஒண்டா நிக்குதில்ல, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா அரக்குது. நேற்றுத்தான் ஹமீட் பிடிச்சார்."

ஹமீட் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, அது பாங்கு நேரம். கொழும்பு நேரமில்ல, அதான் எனக்கும் உடன விளங்கல்ல. புத்தளப் பக்கத்து அட்டவணையை வெச்சுப் பாத்தன். நிமிசம் பிசகாம ஒத்து வந்திச்சு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தப் பதினெட்டு வரியில் அனுப்புகிற வரிதான் பிழை. என் பகுதி என்று நினைத்து நான் எழுதிய முகவரி, எல்லோரும் பாவிக்கிற பொது இடத்தின் முகவரி. நான் பாயில் நிற்கிற நேரமெல்லாம் என் அரைகுறைக் கோட் அங்கே போய் விழுந்திருக்கிறது. உடைந்தால் சிவப்பாக ஓர் அறிவித்தல் போகும், ஆனால் அது நிரந்தர ஆட்களுக்குத்தான் போகும். நான் திரும்பி வந்து மிச்சத்தை எழுதி அனுப்பியதும் எல்லாம் சரியாகியிருக்கும். எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு நொடி பொய் சொல்லத் தோன்றியது. வைரஸ் என்று சொல்லலாம். பழைய லெப்டொப், நம்புவார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் நிஸார் பேனையைக் கையில் எடுக்கப் போகிறார். "மெடம், அது வந்து..." என்று இழுத்தேன்.

பள்ளியில் அஸர் பாங்கு கேட்டது. என் திரை இருண்டது. கொழும்பில் ஹமீடின் மெசின் "டிங்" என்றது. மூன்று பேரும் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இப்ப உடைஞ்சிட்டு" என்றார் ஹமீட் மெதுவாக.

"நான்தான் மெடம் எழுதினன். முகவரியைப் பிழையாக் குடுத்திட்டன். எல்லாம் என்ட பிழை."

"சரி, இப்ப அதை மாத்துங்கோ."

"பத்து நிமிசத்துக்கு நான் தட்டினாலும் கேக்காது. அப்பிடித்தான் எழுதி வெச்சிருக்கிறன்."

மெடம் சிரிக்கத் தொடங்கினார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஸாஜிதா, வேலையை ஒரு நாளைக்கு ஒருக்காவது சேமிச்சு அனுப்புங்கோ எண்டு எங்கட ஆக்களிட்ட சொல்லிச் சொல்லி நான் களைச்சுப்போனன். ஒருத்தரும் கேக்கிறதில்ல. நீங்கள் அஞ்சு தரம் அனுப்பியிருக்கிறீங்கள். அனுப்பின இடம்தான் பிழை. அதை மாத்திப்போட்டு மிச்சத்தை அப்பிடியே வைச்சிருங்கோ."

"அப்ப... வேலை?"

"வேலை உங்களுக்குத்தான். அதில எங்களுக்குச் சந்தேகம் இருக்கேல்ல. கடிதம் நாளைக்கு அனுப்புறன். போய்த் தொழுங்கோ, நேரம் போகுது."

நன்றி சொன்னேனா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது. மணி மூன்று முப்பத்திரண்டு. நிஸாருக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். இல்லை. கையெழுத்து வைக்கிற அறைக்குள் போகுமுன் போனை வெளியே வாங்கி வைப்பார்கள் என்று அவர் முந்தி ஒருநாள் சொன்னது அப்போதா எனக்கு ஞாபகம் வர வேண்டும்? தொழுகைப் பாயைச் சுருட்டாமலேயே உம்மா வாசலில் வந்து நின்றார்.

"என்ன புள்ள? வேலை போயிட்டா?"

"வேலை கிடைச்சிட்டு உம்மா. அவர்தான் எடுக்கிறார் இல்ல."

உம்மா என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போனையே பார்த்தார். மூன்று நாற்பதுக்குப் போன் அடித்தது.

"வெச்சிட்டீங்களா?" என்று சலாம் கூடச் சொல்லாமல் கத்தினேன்.

"இல்ல. எனக்கு முன்னால இன்னும் ஒருத்தர். என்ன முடிவெண்டு கேக்க வெளிய வந்து போனை வாங்கினன். என்ன, அழுறீங்களா?"

"வெக்க வேணாம். வேலை உறுதியாயிட்டு. நீங்க வாங்க."

அந்தப் பக்கம் யாரோ அவருடைய பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. நான் நிலத்தில் உட்கார்ந்து, உம்மாவின் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த கல் அப்படியே இறங்கிவிட்டது.

"சரி, அப்ப வாறன்" என்றார் நிஸார். "எத்தின நாள் லீவு கேக்க?"

நாலு வருடப் பழக்கம். மனுஷனுக்கு ஊருக்கு வருவது என்றால் லீவில் வருவதுதான்.

"லீவு கேக்கத் தேவல்ல" என்றேன்.

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.