கினிகத்தேனையில் நிறுத்திய வண்டி

என் அம்மா காளியாயி இறந்த அன்று என்னிடம் பன்னிரண்டு லிட்டர் டீசல்தான் இருந்தது. பொகவந்தலாவையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்த் திரும்ப என் பழைய வேனுக்கு முப்பது லிட்டராவது வேண்டும். அது இரண்டாயிரத்து இருபத்திரண்டு. இலங்கை முழுக்க டீசல் இல்லை. பெற்றோல் ஷெட்டு வரிசையில் நின்றவர்கள் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தங்கச்சி சுதர்ஷினிக்குக் குவைத்தில் வீட்டு வேலை. ஐந்து வருடமாக ஊருக்கு வரவில்லை. வியாழக்கிழமை அம்மா போன செய்தி கேட்டு, அந்த வீட்டுக்காரியிடம் அழுது மன்றாடி டிக்கெட் வாங்கிவிட்டாள். ஞாயிறு காலை இறங்குவாள். போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணே, நா வந்து மொகத்த பாக்குற வரைக்கும் அம்மாவ எடுத்துறாதீங்க."

சரியென்று வாக்குக் கொடுத்தேன். ஹட்டனிலிருந்து வந்து உடம்பு கெடாமலிருக்க ஊசி போட்டவரோ, ஞாயிறு பொழுது சாய்வதற்குள் அடக்கம் பண்ணிவிட வேண்டும், அதற்கு மேல் உடம்பு தாங்காது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாளும் நான் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால்தான் கிடந்தேன். தேயிலைத் தோட்டத்து லொறிகளிலிருந்து வடித்த வேஸ்ட் ஒயிலைக் கெஞ்சி வாங்கி வந்தேன். தார் மாதிரி இருந்தது. அடுப்பில் வைத்துச் சூடாக்கி, மண்டி இறங்கும்வரை காத்திருந்து, கொழுந்தெடுக்கப் போகும்போது அம்மா தலையில் போடும் கம்பளியை நாலாக மடித்து வடிகட்டினேன். திரும்பத் திரும்ப வடிகட்டி, கொஞ்சம் டீசலும் போத்தல் கணக்கில் கிடைத்த மண்ணெண்ணெயும் சேர்த்துக் கலக்கினேன். செத்த வீட்டில் மகன் தலைமாட்டில் உட்காராமல் ஒயில் கையோடு நிற்கிறானே என்று பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பேசட்டும், இவர்களா எனக்கு டீசல் தரப்போகிறார்கள் என்று எரிச்சல்தான் வந்தது. உள்ளே போனால் கையைக் கழுவ வேண்டும், கழுவினால் வேலை கெடும் என்று வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். தங்கச்சி வந்த பிறகு அவளோடு சேர்ந்து உட்கார்ந்து ஆசை தீரப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒயில் கலந்து ஓட்டுகிறவனுக்கு ஒரு விதி உண்டு. எஞ்சின் சூடாக இருக்கும்வரை எதை ஊற்றினாலும் குடிக்கும், ஆறவிட்டால் கதை முடிந்தது. ஆகவே கிளம்பும்போது நல்ல டீசல், வண்டி சூடான பிறகு கலவை என்று வைத்துக்கொண்டேன். கரும்புகை கக்கினாலும் கட்டுநாயக்க வரை ஒரு குறையும் வைக்கவில்லை. அங்கேகூட எஞ்சினை ஓடவிட்டபடியே அவளை ஏற்றினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கினிகத்தேனை வந்துவிட்டோம். நாலு மணிக்கெல்லாம் வீடு. வழியெல்லாம் அழுதுகொண்டு வந்த சுதர்ஷினி அப்போதுதான் அம்மாவுக்குக் கோடிச் சேலை வாங்கவில்லை என்றாள். பெற்றவளுக்கு மகள் கோடி போடாமல் அனுப்பக் கூடாது. ஒரு கடை பாதி திறந்திருந்தது. நிறுத்தினேன். நல்ல மழை.

நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பிவிட்டேன்.

அந்த மாதங்களில் எங்கள் எல்லோருக்கும் அது ஒரு வியாதி. இறக்கத்தில் அணைப்போம், ஒரு ஆள் ஏறுவதற்குள் அணைப்போம். ஒரு சொட்டு மிச்சம் பிடிக்கக் கை தானாகவே போகும். அவள் அம்மாவுக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறத்தைத் தேடி எடுத்து வர அரை மணி நேரமாயிற்று. வந்து ஏறினாள். வண்டி உறுமவே இல்லை.

பக்கத்துக் கராஜில் வண்டி திருத்தும் பாஸ் ஒருவர் குடையோடு வந்து பார்த்தார். ஃபில்டர் முழுக்கக் கஞ்சியாக உறைந்திருந்தது. மாற்ற வேறு ஃபில்டர் இல்லை, கழுவப் பெற்றோல் இல்லை. எஞ்சினை ஏன் தம்பி அணைத்தாய் என்று சிங்களத்தில் கேட்டார், அதட்டக்கூட இல்லை. ரோட்டில் வேறு வண்டி எதுவும் ஓடவில்லை. நான் பைத்தியக்காரன் மாதிரி மழையில் வீடு வீடாகப் பெற்றோல் கேட்டு அலைந்தேன். பாஸ் ஃபில்டரைப் பிரித்து வாயால் ஊதிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்குத் தோட்டத் தலைவர் ஆண்டியப்பன் மாமாவின் போன் வந்தது. இனித் தாங்காது, மழையும் இருட்டிக்கொண்டு வருகிறது, என்ன செய்யட்டும் என்றார். படம் காட்டுகிற போனில் ஒரு தடவை முகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். காலையிலிருந்து கரண்ட் இல்லை, அந்த மாதிரிப் போனெல்லாம் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கிறது என்றார். சுதர்ஷினி போனை வாங்கினாள்.

"எடுத்துருங்க மாமா. அம்மாவ நனைய விடாதீங்க."

பாஸ் ஊதி ஊதியே அடைப்பை எடுத்து வண்டி கிளம்பும்போது ஏழு மணி. பொகவந்தலாவை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் செய்ய வேண்டியதைச் சித்தப்பா மகன் செய்திருந்தான். நேராகப் புதைகுழிக்குப் போனோம். ஈர மண்ணின் மேல் அவள் அந்தச் சேலையைப் பிரித்து விரித்தாள். நீ நிறுத்தச் சொன்னதால் இல்லை, நான் அணைத்ததால்தான் என்று அவளிடம் சொன்னேன். அவள் அதைக் கேட்ட மாதிரியே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயாச்சும் ரெண்டு நாளு பக்கத்துல இருந்து பாத்தியேண்ணே. அம்மா மொகம் எப்புடி இருந்துச்சு? மூக்குத்தி இருந்துச்சா? மஞ்சள் பூசியிருந்தாங்களா? சொல்லுண்ணே, நீ சொன்னா நா பாத்த மாதிரி."

நான் வாயைத் திறந்தேன். மூக்குத்தி இருந்ததா, மஞ்சள் பூசியிருந்தார்களா, எனக்குத் தெரியவில்லை.