சுனிதாக்கா வீட்டுப் பிளக்

நூறு மீட்டர். அதற்கு மேல் இந்த வயர் ஓடாதாம். கேபிள்காரன் விக்கி இதைச் சொன்னபோது அவன் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது எனக்கு.

"நூறு மீட்டருக்கு மேல போனா சிக்னலுக்குச் சத்து இருக்காது சேச்சி. கேட் சிக்ஸ் வயரானாலும் அதுதான் கணக்கு. நான் வச்ச கணக்கில்ல, லோகம் முழுக்க அதுதான்."

"உன் லோகத்தை நீயே வச்சுக்கோ. இழு."

இழுத்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து, சுக்குக் கிடங்கின் சுவரை ஒட்டி வளைந்து வளைந்து போகும். எங்கள் வீடு கடைசி. பைபர் லைன் சந்து முனைக் கடையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து கறுப்பு வயரைக் கூரை கூரையாகத் தாண்டிக் கொண்டுவந்து என் லேப்டாப்பில் செருகினான். நெட் வந்தது, போனது, வந்தது, போனது. விக்கி என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

என் வீட்டுக்காரர் அனூப் வல்லார்பாடத்தில் லாரியிலிருந்து விழுந்ததிலிருந்து படுத்த படுக்கை. நான் வெளியே வேலைக்குப் போனால் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க ஆளில்லை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஒரே ஒரு வேலை கண்ணில் பட்டது. ஒரு ஆஸ்பத்திரிக்கு வரும் போன்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வயர் வழியாக வரும் நெட்தான் வேண்டுமாம், வைஃபையும் மொபைலும் ஆகாதாம். மறுநாள் பிற்பகல் இரண்டு மணி நேரச் சோதனை. நடுவில் லைன் அறுந்தால் வெளியே, மறு வாய்ப்பு கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இதுவும் கைவிட்டுப் போனால் என்ன செய்வேன் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

"ஒரு வழி உண்டு சேச்சி," என்றான் விக்கி. "நடுவுல ஒரு சின்னப் பெட்டி வைக்கணும். சிக்னலை வாங்கி, புதுசாக்கித் தள்ளி விடும். அதுக்குக் கரண்ட் வேணும். ஒரு பிளக் கிடைச்சா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

"நடுவுலன்னா யார் வீடு?"

தலையைச் சொறிந்தான். "உங்க சுனிதாக்கா வீடுதான்."

சுனிதா என் ஓரகத்தி, அனூப்பின் அண்ணன் மனைவி. மகள் கல்யாணத்துக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பியவள். ஒரே சந்து! வெற்றிலைத் தட்டோடு நேரில் வந்து அழைக்கக் கால் வலித்ததா அவளுக்கு? நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. இன்றைக்கும் சொல்கிறேன், என் மேல் தப்பே இல்லை. ஆனால் சந்தின் நடுவில் ஒரு பக்கம் கிடங்குச் சுவர், மறுபக்கம் அவள் வீடு, வேறு வீடு கிடையாது. கடவுளுக்கு என் மேல் அப்படி என்ன கோபமோ.

அனூப் படுக்கையிலிருந்து என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் போனேன்.

வாசலில் நின்றபடி மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுனிதா ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டாள்.

"உள்ளே வா. டிவிக்குப் பக்கத்துல ஒரு பிளக் சும்மாதான் கிடக்கு," என்றாள்.

கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, குத்தல் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் விக்கி பெட்டியை மாட்டியதும் என் வீட்டில் நெட் நிற்காமல் ஓடியது.

மறுநாள் உட்கார்ந்தேன். திரையில் மேற்பார்வையாளர் சிவராமகிருஷ்ணன், காதில் ஊர்ப்பட்ட நோயாளிகள். கண் டாக்டர் எப்போது வருவார் என்று ஒரு பெரியவர் தமிழில் கேட்டார். ஸ்கேனுக்குச் சாப்பிடாமல் வரவேண்டுமா என்று ஒருத்தி மலையாளத்தில் கேட்டாள். நான் எங்கேயும் தடுமாறவில்லை. "நன்றாகப் பேசுகிறீர்கள்" என்று மேற்பார்வையாளர் எழுதி அனுப்பினார். முக்கால்வாசி முடிந்துவிட்டது. கிடங்குக்கு மேல் வானம் கறுத்து இடி இடித்தது. துலாம் மாதத்தில், அதாவது ஐப்பசியில், அது தினமும் உள்ளதுதான். நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

திரை அப்படியே நின்றது. மேற்பார்வையாளர் திறந்த வாயோடு நின்றார். பிறகு அவரும் மறைந்தார்.

தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் போகவில்லை. அப்படியென்றால் பெட்டிதான். பெட்டியென்றால் சுனிதா. காத்திருந்து கழுத்தை அறுத்துவிட்டாள்! வாயில் வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொல்லிக்கொண்டே மழையில் ஓடினேன்.

கதவு திறந்தே கிடந்தது. சுனிதா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டால் சுற்றிய என் பெட்டி.

"வந்துட்டியா? பயந்துட்டியா? இடி வெட்டினதும் நான் பிளக்கை உருவி எடுத்துட்டேன். வயரையும் கழட்டிட்டேன். ஒண்ணும் ஆகல பாரு, உன் பெட்டி பத்திரமா இருக்கு."

அவளுக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜும் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துத் திரும்பினாள்.

"அய்யோ, அதை மறந்தேன். இது உன் ஜோலியாச்சேன்னு இதைத்தான் முதல்ல உருவினேன். இந்தப் பெட்டி எரிஞ்சா நீ எங்க போவே?"

வேண்டுமென்றே செய்திருந்தால் தலைமுடியைப் பிடித்து இழுத்திருப்பேன், கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

"அக்கா, டெஸ்ட் முடியல. நடுவுல நின்னா வெளிய தள்ளிடுவாங்க. தள்ளிட்டாங்க," என்றேன்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. துண்டை உதறிவிட்டு எழுந்தாள். வெளியே இடி பிளந்துகொண்டிருந்தது. பிளக்கைக் குத்தினாள், தப்பியது, மறுபடி குத்தினாள். வயரை எந்த ஓட்டையில் செருகுவது என்று தெரியாமல் ஒவ்வொன்றிலும் திணித்தாள்.

"இப்ப வருமா? சொல்லுடி, இப்ப வருமா?"

பெட்டியில் பச்சை விளக்குகள் மளமளவென்று எரிந்தன.

"எரியுது பாரு! போ, ஓடு, போய்ப் பாரு!" என்று அழுதுகொண்டே என் முதுகில் கை வைத்து வெளியே தள்ளினாள்.

அங்கே ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் ஓடினேன்.