சுருதிப் பொத்தான்

ஒரே ஹெட்ஃபோனின் இரண்டு பக்கங்களையும் ஆளுக்கொன்றாகக் காதில் வைத்துக்கொண்டு, தன் மனைவியும் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் இளைஞனும் தலை சாய்த்து நிற்பதை, தேநீர்க் கோப்பைகளோடு வந்த லிஃப்ட் மெக்கானிக், அறை வாசலிலிருந்து பார்த்தான். ஞாயிறுதோறும் பார்ப்பதுதான். வார நாட்களில் பல் மருத்துவமனை வரவேற்பில் உட்காருகிறவள், விடுமுறையானால் டிரான்ஸ் என்கிற வேகமான நடன இசை போடும் டிஜே. நெட்டை ஒரு வருடமாக அவளோடு சேர்ந்து போடுகிறவன். இருவருக்குள்ளும் தப்பாக ஒன்றுமில்லை. அதுதான் மெக்கானிக்குக் கஷ்டம். தப்பு இருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

அப்படி என்னதான் கேட்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டான். அவள் ஆசையாகத்தான் சொன்னாள்.

"ரெண்டு பாட்டும் ஒரே வேகத்துல ஓடணும். அது மட்டும் போதாது, சுருதியும் சேரணும். ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு நம்பர் உண்டு. எட்டாம் நம்பர் பாட்டுக்கு ஏழும் ஒன்பதும் பக்கத்து வீடு மாதிரி. எங்க மாறுச்சுன்னே தெரியாது. மூணைக் கொண்டுவந்து வெச்சா குழாயடிச் சண்டைதான்."

இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினாள். அவனுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. நெட்டை சிரிக்கவில்லை. "பழகினா வந்துடும்ணா" என்றான். சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. வேகத்தை ஏற்றினால் பாட்டின் சுருதியும் ஏறிவிடும், ஏறாமல் பிடித்து வைப்பது கீ லாக் என்கிற இந்தச் சின்னப் பொத்தான் என்று அன்றைக்கு அவள் காட்டியது மட்டும் அவன் மனதில் நின்றது. பொத்தான்கள் அவனுக்குப் புரியும்.

அடுத்த ஞாயிறு ஏரிக்கரைத் திடலில் பிற்பகல் நிகழ்ச்சி. முன்னால் நல்ல கூட்டம். புழுதி படிகிறது, கொஞ்சம் துடைத்துவிடுங்கள் என்று அவள் துணியை நீட்டினாள். நெட்டையின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய இயந்திரத்தைத் துடைத்தபோது மெக்கானிக்கின் கட்டைவிரல் அந்தப் பொத்தானின் மேல் நின்றது. அழுத்தி அதை அணைத்தது. வெயிலில் அதன் விளக்கு எரிவதும் அணைவதும் யாருக்கும் தெரியாது.

அடுத்த பாட்டின் தொடக்கத்தில் வெறும் தாளம்தான். வேகத்தை ஏற்றி, தாளத்தோடு தாளத்தைப் பொருத்தி, அவள் நம்பிக்கையோடு உள்ளே விட்டாள். பிறகு மெட்டு வந்தது. இரண்டு மெட்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று உரசின. மெக்கானிக்குக்குப் பல் கூசியது. முன்வரிசையில் ஒரு பெண் ஆடுவதை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தாள்.

அவளும் நெட்டையும் பேசிக்கொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. அவன் தன் பாட்டின் மெட்டை உருவி, தாளத்தை மட்டும் விட்டான். அந்தத் தாளத்தின் மேல் அவள் தன் பாட்டை ஒரு மூச்சு நிறுத்தினாள், பொத்தானை அழுத்தினாள், திறந்துவிட்டாள். வேண்டுமென்றே செய்த வித்தை என்று நினைத்துக் கூட்டம் கூத்தாடியது. மெக்கானிக் துணியைப் பிசைந்துகொண்டு நின்றான். பத்து வருடக் குடித்தனத்தில் உப்பு டப்பாவை வாங்கக்கூட அவளிடம் அவனுக்கு மூன்று வாக்கியம் வேண்டியிருந்தது.

இறங்கியதும் நெட்டை வந்து, "என் கைதான் பட்டிருக்கும், மன்னிச்சிரு" என்றான்.

"நீ என் பக்கமே வரலையே" என்றாள் அவள். புருஷன் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். பிறகு வயர்களைச் சுருட்டப் போய்விட்டாள்.

காரில் வீடு திரும்பினார்கள். சிக்னலில் நின்றபோதுதான் கேட்டாள்.

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"எது?"

"சுருதி விலகினது."

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் தப்பிக்கும் வழி.

"கேட்டுச்சு" என்றான்.

"அப்ப காது இருக்கு" என்றாள். கோபமா, வேறேதாவதா என்று குரலில் பிடிபடவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வலப்பக்கம் திரும்புவதற்கான விளக்கைப் போட்டிருந்தான். அது டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் விரல் கண்ணாடியில் ஏதோ ஒரு பாட்டைத் தட்டியது. முதலில் அவசரமாக, பிறகு கொஞ்சம் தயங்கி, பிறகு அவளுக்கே தெரியாமல் அந்த டிக்கோடு மெல்லச் சேர்ந்துகொண்டது. பச்சை விழுந்தது. பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்தது. அவன் காரை எடுக்கவில்லை.