நஞ்சுண்டனின் ஐந்தாவது மிருகம்

அனுப்பிய கையோடு அழித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. செரெங்கெட்டிக் காட்டுக் கூடாரத்தில் படுத்தபடி, "பிக் ஃபைவ் டன்" என்று தாம் குடியிருக்கும் சன்னிவேல் ஊர் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு நஞ்சுண்டன் குறட்டை விட்டார். விடிந்து பார்த்தால் முப்பத்தெட்டு பேர் கைதட்டியிருந்தார்கள். வாங்கிய கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க எந்த மனுஷனுக்கு மனசு வரும்?

சிங்கம், யானை, காட்டெருமை, காண்டாமிருகம், சிறுத்தை. இந்த ஐந்தையும் பார்த்தால்தான் ஆப்பிரிக்கா போனதாகவே ஊர் ஒப்புக்கொள்ளும். நஞ்சுண்டன் குடும்பம் பார்த்தது நான்கு. சிறுத்தை மட்டும் கண்ணில் படவில்லை. படாததற்குக் காரணம் யார் என்பது ஜீப்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அன்று காலை ஆற்றங்கரை மரத்தில் சிறுத்தை இருப்பதாக ரேடியோவில் தகவல் வந்தது. வழிகாட்டி ஜோசப் ஜீப்பை விரட்டினார். பாதி வழியில் நஞ்சுண்டனுக்கு வயிற்றைக் கலக்கியது. முந்தைய நாள் பஃபேயில் வைத்திருந்ததை எல்லாம் ஒரு கை பார்த்திருந்தார் அல்லவா? ஜோசப் வண்டியை நிறுத்தி, சுற்றிலும் பைனாகுலரில் பார்த்துவிட்டு, "வண்டிக்குப் பின்னாலேயே இருங்கள், ஓர் அடி தள்ளிப் போகாதீர்கள்" என்றார். பெண்டாட்டி பிள்ளை உட்கார்ந்திருக்கும் வண்டிக்குப் பின்னாலா? மானஸ்தர் நஞ்சுண்டன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, சுரைக்காய் மாதிரி நீள நீளமாய்க் காய் தொங்கிய ஒரு பெரிய மரத்தடிக்கே போய்விட்டார். திரும்பி வந்து ஜோசப்பிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு ஜீப்புகளும் ஒரு வெறும் கிளையும்தான் மிச்சம்.

அவர் மரத்தடியிலிருந்து கிளம்பிய கோலத்தை மனைவி சாரதா போனில் ஒரு க்ளிக் எடுத்திருந்தாள். "சாரதா, மொதல்ல அதை டெலீட் பண்ணு" என்றார் நஞ்சுண்டன். அவர் கழுத்தில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் தொங்கியது. திரும்பும் விமானத்தில் சாரதா, "ஏங்க, இந்த போட்டோவைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று போனை நீட்டினாள். "போன்ல எடுக்கறதெல்லாம் போட்டோவா?" என்றார் அவர். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு தடவை நீட்டினாள். அதே பதில்தான் வந்தது. சாரதாவுக்கு ரோஷம் வந்துவிட்டது, போனை மூடி வைத்துவிட்டாள்.

பொய்க்கு ஆதி காரணம் பக்கத்து ஊரான குபெர்டினோவில் இருக்கும் மதன். போன வருஷம் ஐந்தையும் பார்த்துவிட்டு வந்தவன், இன்றுவரை "நாங்க லெப்பர்டைப் பாத்தப்போ" என்றுதான் பேச்சையே தொடங்குகிறான். டிராஃபிக்கைப் பற்றிப் பேசினாலும் அதில் சிறுத்தை வந்துவிடும்.

சனிக்கிழமை மத்தியானம் நஞ்சுண்டன் வீட்டில் பாட்லக். ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள். சாப்பிட்டதும் பெரிய டிவியில் படம் காட்டுவதாக ஏற்பாடு. காலையிலேயே பதினொரு வயது மகள் வான்மதி அப்பாவிடம் வந்து, "இஃப் தே ஆஸ்க் மீ, வாட் ஷுட் ஐ சே?" என்றாள்.

"உன்னை யாரும் கேக்க மாட்டாங்க, கண்ணு."

அவள் அந்தப் பதிலை நம்பவில்லை. அவருக்கும் அதில் பெரிய நம்பிக்கை இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை, சோறோ ஒரு பிடிதான் இருந்தது.

சிங்கத்துக்குக் கைதட்டினார்கள், யானைக்குட்டிக்கு உச்சுக் கொட்டினார்கள், காண்டாமிருகம் ரொம்பத் தூரத்தில் நின்றதால் மன்னித்தார்கள். கடைசியில் ஒரு வேலமரம் வந்தது. மரம் மட்டும்தான்.

"லெப்பர்ட் இதுலதான் இருக்கு. நல்லா உத்துப் பாக்கணும்" என்றார் நஞ்சுண்டன்.

அறை உற்றுப் பார்த்தது. ஊரிலிருந்து தன் மகன் வீட்டுக்கு வந்திருந்த கிட்டுசாமி அங்கிள்தான் முதலில், "ஆமா, காது தெரியுதே" என்றார். சோபாவில் இருந்தவருக்கு வால் தெரிந்தது. பிரியாணித் தட்டோடு நின்றவருக்குக் கண்ணே தெரிந்தது. நஞ்சுண்டனுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

மதன் மட்டும் எழுந்து டிவி பக்கத்தில் போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தான். "நஞ்சு, நாங்க லெப்பர்டைப் பாத்தப்போ அது லெப்பர்ட் மாதிரி இருந்துச்சுப்பா. இதுல எங்க?"

அவன் மனைவி எழிலரசி கெட்டவள் இல்லை. நல்ல மனசோடுதான், "வான்மதி, நீ வந்து காட்டுடா. குட்டிப் பசங்களுக்குக் கண்ணு ஷார்ப்பா இருக்கும். நீ பாத்தேல்ல?" என்று கேட்டாள்.

எல்லோரும் வான்மதியைப் பார்த்தார்கள். வான்மதி அப்பாவைப் பார்த்தாள். நஞ்சுண்டனுக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தாங்கவில்லை. முப்பத்தெட்டு கைதட்டலுக்காகப் பெற்ற பிள்ளையைப் பொய் சொல்ல வைக்கிறோமே என்று நெஞ்சு சுருக்கென்றது.

"அவ பாக்கலை. நாங்க யாருமே பாக்கலை" என்றார். "ரேடியோல கால் வந்துச்சு. நடுவுல என் வயிறு அப்செட். வண்டிய நிறுத்தச் சொன்னேன். போய்ச் சேர்றதுக்குள்ள அது போயிருச்சு. என்னாலதான் மிஸ் ஆச்சு. சும்மா பெருமைக்குப் போட்டுட்டேன், சாரி."

கிட்டுசாமி அங்கிள் காதைப் பார்த்ததை யாரும் நினைவுபடுத்தவில்லை. வான்மதி மட்டும் வந்து அப்பாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். அந்த நெருக்கத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

சாரதா பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, அந்த போட்டோவைப் போடட்டுமா?"

"எது? டெலீட் பண்ணச் சொன்னேனே."

"பண்ணலாம்னுதான் ஓபன் பண்ணேன். அப்புறம் ஜூம் பண்ணிப் பாத்தேன். நீங்க தேடினது அதுல இருக்கு. ஆனா நீங்களும் இருக்கீங்க. சரின்னு சொன்னாத்தான் போடுவேன்."

நஞ்சுண்டன் யோசித்தார். நனைந்த பிறகு முக்காடு எதற்கு? "போடு" என்றார்.

டிவி முழுக்க நஞ்சுண்டன் வந்தார். ஒரு கையில் காலி பாட்டில், இன்னொரு கையில் பேண்ட் இடுப்பு, முகத்தில் உலகத்தையே மன்னித்துவிட்ட சிரிப்பு. வீடு அதிர்ந்தது. மதன் கார்ப்பெட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சிரிச்சாச்சா? இப்ப மரத்தைப் பாருங்க" என்று சாரதா படத்தைப் பெரிதாக்கினாள்.

அவர் தலைக்கு மேலே காய்கள் தொங்கின. அவற்றில் ஒரு காய்க்கு மட்டும் புள்ளி இருந்தது, நுனி வளைந்திருந்தது. அது வால். வாலைப் பிடித்துக்கொண்டு கண் மேலே ஏறினால், இலைகளுக்கு நடுவே கிளையில் வயிறு படிய ஒரு சிறுத்தை படுத்திருந்தது. கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, நஞ்சுண்டனின் வழுக்கையைச் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

நஞ்சுண்டன் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஜோசப் சும்மா திட்டவில்லை.

"டாட், இட் வாஸ் ரைட் அபவ் யூ" என்று வான்மதி அவர் கையை இறுக்கிக்கொண்டாள்.

மதன் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டான். "நஞ்சு, நான் தோத்துட்டேன்பா. நாங்க லெப்பர்டைப் பாத்தோம், அவ்வளவுதான். உன்னை லெப்பர்டே பாத்திருக்கு. அதுவும் எந்த நேரத்துல."

நஞ்சுண்டனும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே மனைவியைப் பார்த்தார். மூன்று தடவை நீட்டியும் வாங்கிப் பார்க்காத போன் அவள் கையில் இருந்தது. "ஒரு வாட்டியாவது பாத்திருக்கணும், சாரதா" என்றார். "பாத்திருக்கணும்தான்" என்று சாரதா காபி போடப் போனாள். ஆனால் முகம் மலர்ந்திருந்ததை எழிலரசி பார்த்தாள்.

காபி வருவதற்குள் நஞ்சுண்டன் அந்தப் படத்தை, பாட்டிலை வெட்டாமல், அப்படியே குழுவில் போட்டார். கீழே எழுதினார்: "போன வாரம் சொன்னது பொய். பிக் ஃபைவ் இப்பத்தான் டன். போட்டோ: சாரதா." அனுப்பிவிட்டு, அழிக்கலாமா என்று ஒரு தடவைகூட யோசிக்காமல், சாரதா கொண்டுவந்த காபியை வாங்கிக் குடித்தார்.