முப்பது கிலோ

எங்கள் சங்கம் வருடத்துக்கு ஒரு முறை சிரிப்பு நிகழ்ச்சி வைக்கும். சிரிக்க வைக்க ஒருவரும் மனதைப் படிக்க ஒருவரும் ஊரிலிருந்து வருவார்கள். யார் மனதில் ஊர் இருக்கிறதோ அவரை மேடையிலேயே அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். முப்பது கிலோவுக்கு மேல் இருப்பதை அறுத்து இங்கேயே வைத்துக்கொள்வார்கள். மஸ்கட்டிலிருந்து ஊருக்குப் போக வேறு வழி கிடையாது.

நான் அறுபத்தெட்டு கிலோ. என் மகள் பேச்சி நான் இங்கே வந்த பிறகு பிறந்தவள். இப்போது ஓடுகிறாளாம். அவளை நான் இன்னும் தூக்கியதில்லை. நிகழ்ச்சி முடியும்வரை அவளை நினைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். வேலையில் பார்க்கும் தண்ணீர்க் குழாய்களை மட்டும் நினைப்பது. போன வருடம் அப்படித்தான் தப்பித்தேன்.

பக்கத்து நாற்காலியில் என் அறைத்தோழன் கோமதிநாயகம். சங்கரன்கோவில்காரன். எப்படியும் இந்த வருடம் போய்விடுவது என்று குபூஸ் ரொட்டியின் ஓரத்தை மட்டும் தின்று உடம்பை வற்றவைத்திருந்தான். சட்டைக்குள் அவனைத் தேட வேண்டியிருந்தது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

சிரிப்புக்காரர் குத்தாலிங்கம் கிரிக்கெட் மட்டையுடன் மேடைக்கு வந்தார்.

“ஊர்ல மழை பெய்யுது,” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். முன்வரிசையில் ஒருவர் சற்றுத் தாமதமாகச் சிரித்தார். குத்தாலிங்கம் இறங்கி வந்து அவர் வாயில் ஒரு போடு போட்டார். பற்கள் என் மடியில் விழுந்தன. துடைத்துக் கொடுத்தேன். “ரொம்ப தேங்க்ஸ்,” என்றார் அவர்.

“இப்ப மழை விட்ருச்சு,” என்றார் குத்தாலிங்கம்.

அதற்குப் பல் போனவர்தான் முதலில் சிரித்தார். எனக்கு அந்த நகைச்சுவை பிடிக்கவில்லை. அது தெரியாதபடி சிரித்து வைத்தேன்.

அடுத்து மனதைப் படிக்கும் பத்மாசனி அம்மாள் வந்தார். பலாப்பழம் வாங்குகிறவர்களைப் போல ஒவ்வொரு நெற்றியையும் சுத்தியலால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். சிலருக்கு நெற்றி உடைந்தது. கோமதிநாயகத்திடம் நின்றார்.

“இவன் மனசுல ஒரு தெப்பக்குளம் இருக்கு. ஆடு ஒண்ணு தண்ணி குடிக்குது.”

“அது எங்க ஆடுதான்மா,” என்றான் கோமதிநாயகம்.

தராசில் ஏற்றினார்கள். சரியாக முப்பது. சங்கச் செயலாளர் தில்லைநாயகம் அண்ணாச்சி தீட்டிவைத்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். கோமதிநாயகம் தானே பெட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஊருக்கு ஒருவன் போகிறான் என்றால் எங்களுக்குக் கையும் காலும் சும்மா இருக்காது. ஆளுக்கொரு பொட்டலத்துடன் மேடைக்கு முன்னால் வரிசையில் நின்றுவிட்டோம்.

“சின்னதுதான் தம்பி. கோடாலித் தைலம்.”

“வைங்கண்ணே.”

“ஒரே ஒரு பால் டின்னு. ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்கிடுவாங்க.”

“வைங்க.”

மாட்டேன் என்று சொல்ல எங்களில் யாருக்கும் வராது. தைலத்தின் எடைக்கு அவன் விரல்கள் போயின. பால் டின்னுக்கு ஒரு பாதம். யாரோ கம்பளி கொண்டுவந்தார்கள். அதற்குத் தொடையோடு ஒரு கால். தில்லைநாயகம் அண்ணாச்சி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அவர் முகம் தெளிந்துவிட்டது.

என் முறை வந்தது. பையிலிருந்து பொம்மையை எடுத்தேன்.

“நீயுமால?” என்றான் கோமதிநாயகம்.

“அரைக்கிலோதாம்ல. புள்ளைக்கு.”

“வை.”

அவன் இரண்டு காதையும் மூக்கையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்குக் கேட்கவில்லை. எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

பத்மாசனி அம்மாள் பின்னால் வந்து நின்றிருந்தார். சுத்தியல்கூடத் தேவைப்படவில்லை. என் பிடரியில் காதை வைத்தார்.

“இவன் மனசுல ஒரு பொம்பளப் புள்ள. கைய நீட்டிட்டு நிக்குது. தூக்கச் சொல்லுது.”

குழாய்களை நினைத்தேன். ஒவ்வொரு குழாயின் வாயிலிருந்தும் பேச்சி எட்டிப் பார்த்தாள்.

என்னைத் தராசில் ஏற்றினார்கள். தில்லைநாயகம் அண்ணாச்சி மரியாதை தெரிந்தவர். கேட்காமல் கை வைக்க மாட்டார்.

“தம்பிக்கு எதெல்லாம் வேணும்?”

“ரெண்டு கையும் வேணும் அண்ணாச்சி.”

“காலு?”

“வேண்டாம். அவ ஓடி வந்துருவா.”

“முகம்?”

“எடுத்துக்கோங்க. அத அவ போன்ல பாத்திருக்கா.”

மண்டபம் அதிர்ந்தது. அன்றைக்கு விழுந்த பெரிய சிரிப்பு அதுதான். குத்தாலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. ஓடி வந்து என் விலாவில் மட்டையால் இரண்டு வைத்தார். உள்ளே எலும்பு முறிந்தது. எடை குறையவில்லை.

கால்களை எடுத்தார்கள். வலித்தது. வலிக்காது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறகு முகத்தை எடுத்தார்கள்.

“இன்னும் கொஞ்சம் இருக்கு தம்பி,” என்றார் தில்லைநாயகம் அண்ணாச்சி. “என்ன செய்ய?”

பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. பிள்ளையை எல்லோரும் இடது கையில்தான் வைத்துக்கொள்கிறார்கள். வலது கையை நீட்டினேன்.