இல்டாவின் இடத்தை நான் காட்டிக்கொடுத்த கதை

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. என் பொய் அல்ல. என் பொய் இரண்டாவதாக வரும்.

அமெரிக்காவின் கேப் காட் பக்கம், எங்கள் விரிகுடாவில் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன் பிடிப்பவர்களிடம் சம்பளத்தைக் கேட்கலாம், இரண்டாம் கல்யாணம் ஏன் முறிந்தது என்றுகூடக் கேட்கலாம். மீன் எங்கே விழுந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் "தண்ணியிலதான்" என்பார்கள். மீனோடு படம் எடுத்தால்கூடக் கரை தெரியாதபடி வானத்தைப் பார்த்து எடுப்பார்கள்.

2
முதல் தொடக்கம்: "மூடுபனி விலக, இல்டாவின் படகு மெல்ல…"

(வேண்டாம். மூடுபனி விலகித் தொடங்கும் கதைகளை நானே மூடி வைத்துவிடுவேன்.)

இரண்டாவது: இல்டா பச்சேகோ பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். சனிக்கிழமைகளில் என்னைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு, லிங்குயிசா தொத்திறைச்சி வைத்த ரொட்டியும் தருகிற ஒரே சிநேகிதி. ஒருநாள் தெற்கே ஒரு மட்டிப் படுகைக்குக் கூட்டிப்போய் எஞ்சினை அணைத்தாள்.

"இதான் என் இடம். எங்க அண்ணனுக்கே தெரியாது. வெளியில சொன்னே, இங்கயே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்."

உருகிப்போனேன். அன்று விழுந்தது இரண்டு குட்டி மீன். அதனால் என்ன, என்னை நம்பினாளே.

3
தூண்டில் சங்கத்துச் செயலாளர் ரஸ் ஹாலட் தங்கள் இதழுக்கு ஒரு கதை கேட்டார். "இடம் மட்டும் உருப்படியா எழுதுய்யா. மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

இல்டாவைக் காப்பாற்ற வேண்டுமே! மட்டிப் படுகைக்கு நேர் எதிரே, வடக்குச் சதுப்பின் ஓடை கடலில் சேரும் வாயில் ஓர் இடத்தை உண்டாக்கினேன். அங்கே ஒரு மணல் திட்டு, திட்டைத் தாண்டியதும் பள்ளம். நீர் வற்றத் தொடங்கினால் ஓடை சின்ன மீன்களை அள்ளிக்கொண்டு வரும். பந்தியில் முதல் இலையைப் பிடித்தவர்களைப் போல பாஸ் மீன்கள் பள்ளத்தில் காத்திருக்கும்.*

* ஓடை உண்மை. திட்டும் பள்ளமும் என் உபயம்.

(கதைசொல்லியின் மேல் இங்கே எனக்கே சந்தேகம் வருகிறது. ஒருவன் இத்தனை விவரமாகவா புளுகுவான்?)

4
இதழ் வந்தது. அடுத்த சனிக்கிழமை சங்கமே ஓடை வாயில் போய் நின்றது. அத்தனை பேருக்கும் மீன். ரஸ் போனில் கத்தினார்: "நீ தெய்வம்யா!"

மாலையில் இல்டா என் வாசலில் நின்றாள்.

"யாருய்யா சொன்னது உனக்கு?"

"எதை?"

"ஓடை வாயை! வாயைத் திறந்தா அண்டப் புளுகு நீ. என் இடம் மட்டும் எப்படி சரியா வந்துச்சு?"

"உன் இடம் மட்டிப் படுகைதானே?"

இல்டா தரையைப் பார்த்தாள். என்னைத் திட்ட வேண்டுமானால் தன் பொய்யை அவள் ஒப்புக்கொண்டாக வேண்டும். எனக்கோ சிரிப்பு வரவில்லை, வலித்தது. ஊருக்குச் சொல்கிற பொய்யைத்தான் எனக்கும் சொல்லியிருக்கிறாள்.

"அது எல்லாருக்கும் காட்டுற இடம்," என்றாள் கடைசியில். "உனக்குக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அது மரியாதை இல்லையா?"

5
முடிவுகள்.

அ) இல்டா மன்னிப்புக் கேட்கிறாள். (அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

ஆ) நான் கேட்கிறேன். (எதற்கு? நன்றாகக் கற்பனை செய்ததற்கா?)

இ) நடந்தது. போன சனிக்கிழமை விடியும்போது இல்டா படகோடு வந்தாள்.

"ஏறு. வேற இடம். இது நிஜம்."

"இதை எத்தனை பேருக்குக் காட்டியிருக்கே?"

"வாயை மூடிக்கிட்டு ஏறுய்யா."

எங்கே போனோம் என்பதை எழுதி அடித்துவிட்டேன். எஞ்சினை அணைத்தாள். இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை, எதுவுமே சொல்லவில்லை. தூண்டிலை வீசினேன். மீன் எனக்கு முக்கியமில்லை, அவள் சொன்னது நிஜமாக இருந்தால் போதும் என்றிருந்தது. தூண்டில் கோல் வளைந்தது என்றால்…

இதற்கு மேல் எழுத மாட்டேன். வளைந்தது என்று எழுதினால் இடத்தைத் தேடி வந்துவிடுவீர்கள். வளையவில்லை என்றால், மறைக்கிறான் என்று இன்னும் சீக்கிரம் வருவீர்கள். ஆகவே கோலை நீங்களே பிடியுங்கள். இல்டா தண்ணீரைப் பார்க்கவில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள். வளைந்தாலும் கத்திவிடாதீர்கள், ரஸ்ஸின் படகு இந்தப் பக்கமாகத்தான் வருகிறது.